பயங்கரவாத வலைப்பின்னலும் டிஃபென்ஸ் பங்குகளும்: புதிதாக ஆய்வு தொடங்குபவர்களுக்கு

பெங்களூரில் எம்பிஏ படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளும், ஐடி வேலையில் இருந்துகொண்டே டேட்டா பக்கம் தாவ நினைப்பவர்களும் புராஜெக்டுக்கு விரும்பி எடுக்கும் தலைப்பு இது. ஒரு பயங்கரவாதக் குழுவின் வலைப்பின்னலை (ஆட்கள் புள்ளிகள், தொடர்புகள் கோடுகள்) வரைவது, அதை வைத்து விமானம் செய்யும் எச்ஏஎல், ராணுவ மின்னணுக் கருவிகள் செய்யும் பிஇஎல் மாதிரிப் பங்குகளின் ஏற்ற இறக்கத்தை விளக்குவது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல், மே மாதம் அதற்குப் பதிலடியாக ஆபரேஷன் சிந்தூர் என்று அடுத்தடுத்து நடந்த பிறகு இதைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். இந்த ஊரில் அதில் வியப்பில்லை. எச்ஏஎல், பிஇஎல், பெமல் மூன்றுக்கும் தலைமையகம் இங்கேதான். அல்சூரிலோ ஜாலஹள்ளியிலோ நாலு தமிழ் வீடுகளில் பேச்சுக் கொடுத்தால், இந்தக் கம்பெனிகளில் ஏதாவது ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவராவது தென்படுவார்.

தலைப்பில் குறை இல்லை. ஆனால் நான் பார்த்த புராஜெக்டுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கவிழ்கின்றன. அந்த இடம் தேதி. இன்னார் இன்னாரோடு தொடர்பில் இருந்தார் என்பது எந்த நாளில் பொதுவெளிக்கு வந்தது, தாக்குதல் செய்தி எந்த நாளில் சந்தையின் காதில் விழுந்தது என்ற இரண்டையும் குறித்துவைக்காவிட்டால் மற்ற கணக்கெல்லாம் வெறும் வண்ணப்படம். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

“பயங்கரவாதத்தால் டிஃபென்ஸ் பங்குகள் ஏறுமா?” என்பது டீக்கடைக் கேள்வி. புராஜெக்டுக்கான கேள்வி இப்படி இருக்க வேண்டும்: “தாக்குதலுக்குப் பிந்தைய முதல் ஐந்து வர்த்தக நாட்களில், நான் தேர்ந்த இந்த நிறுவனங்களின் பங்குகள், சந்தையின் போக்கு போக, தனியாக எவ்வளவு நகர்ந்தன?” வலைப்பின்னல் பக்கம் இன்னொரு கேள்வி: “தாக்குதலுக்கு முன்பே வெளியில் தெரிந்திருந்த தொடர்புகளை மட்டும் எடுத்தால், அந்தக் குழு எப்படிப்பட்ட அமைப்பாகத் தெரிகிறது?” இந்த இரண்டையும் தனித்தனியாக முடியுங்கள். இணைப்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஆயத்த டேட்டாவில் கை பழக்குங்கள்

எடுத்த எடுப்பில் காஷ்மீர்க் குழுக்களை வரையப் போகாதீர்கள். பயிற்சிக்கு நல்லது, இந்தோனேசியாவில் குண்டுவெடிப்புகளை நடத்திய நூர்தீன் முகமது டாப் குழுவின் டேட்டா. 2009-இல் கொல்லப்பட்ட அவரைச் சுற்றியிருந்த 79 பேரின் தொடர்புகள், மோதல்களை ஆராயும் இன்டர்நேஷனல் கிரைசிஸ் குரூப் என்ற அமைப்பு 2006-இல் வெளியிட்ட அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு தொகுக்கப்பட்டவை. ஆய்வாளர்கள் பலர் கையாண்ட டேட்டா, இணையத்தில் கிடைக்கிறது. இதன் சிறப்பு, உறவுகளை வகை பிரித்திருப்பது. சொந்தக்காரர்கள், ஒன்றாகப் படித்தவர்கள், நண்பர்கள், ஒரே பயிற்சி முகாமில் இருந்தவர்கள், ஒரே தாக்குதலில் பங்கெடுத்தவர்கள் என்று தனித்தனி அடுக்குகள். எல்லாவற்றையும் ஒரே கோடாக வரைந்தால் ஒரு படம் வரும், சொந்தத்தையும் நட்பையும் மட்டும் வரைந்தால் வேறு படம் வரும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு முன்மாதிரி வலைப்பின்னல் ஆய்வாளர் வால்டிஸ் கிரெப்ஸ் செய்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, நாளிதழ்களில் வந்த தகவலை மட்டும் வைத்து 19 விமானக் கடத்தல்காரர்களின் வலையை வரைந்தார். நெருங்கிய, பழைய உறவுகளை மட்டும் எடுத்தபோது ஒருவரிடமிருந்து இன்னொருவரை எட்டச் சராசரியாக 4.75 படிகள் தேவைப்பட்டன. ஒரே விமானத்தில் ஏறியவர்களில்கூடச் சிலர் வலையில் வெகுதூரத்தில் இருந்தார்கள். இடையில் நடந்த சில சந்திப்புகளைக் கோடுகளாகச் சேர்த்ததும் அந்தச் சராசரி 2.79-க்கு இறங்கிவிட்டது. ரகசியம் காக்கத் தள்ளியே இருப்பது, வேலை நடக்க வேண்டியபோது மட்டும் கூடிப் பிரிவது: அந்த இரண்டு எண்களும் சொல்வது இதைத்தான். ஆனால் இந்தப் படம் தாக்குதலுக்குப் பின் வரைந்தது. யாரைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு தேடியது. செப்டம்பர் 10 அன்று எந்த முதலீட்டாளர் கையிலும் இது இல்லை.

இரண்டு ஷீட், ஒரு கூடுதல் நெடுவரிசை

மென்பொருளுக்குச் செலவு தேவையில்லை. வலை வரையும் கெஃபி இலவசம். பைத்தான் தெரிந்தால் அதன் நெட்வொர்க்எக்ஸ் நூலகம் போதும். எக்செல்லில் இரண்டு ஷீட் திறங்கள். ஒன்றில் ஆட்கள், ஆளுக்கு ஓர் எண். இன்னொன்றில் தொடர்புகள்: எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, என்ன வகை உறவு, எந்த ஆவணத்தில் இருந்தது. இதோடு ஒரு நெடுவரிசை சேருங்கள்: “எப்போது வெளியே தெரிந்தது”. தொடர்பு 2015-இல் ஏற்பட்டிருக்கலாம், குற்றப்பத்திரிகையில் 2019-இல் வந்திருக்கலாம். சந்தையோடு ஒப்பிடும்போது உங்களுக்குப் பயன்படும் தேதி 2019.

மூலங்கள் என்று பார்த்தால் நீதிமன்றத் தீர்ப்புகள், ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் தடைப் பட்டியல், உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகம் அறிவிக்கும் பெயர்கள், தாக்குதல்களைப் பதிவு செய்த மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் தரவுத்தளம். கடைசியாகச் சொன்னது 1970 முதலான சம்பவங்களைத் தொகுத்தது. ஆட்களுக்கு உதவாது, சம்பவப் பட்டியலுக்கு உதவும். தனிமனிதர்களின் ஃபேஸ்புக், டெலிகிராம் கணக்குகளை அள்ளி எடுத்து வலை வரைவதை மட்டும் செய்யாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும், அந்த டேட்டாவுக்கு ஆய்வில் மதிப்பும் கிடையாது.

ஒரு கோடு என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரோடு தொடர்புள்ள வழக்கே இருக்கிறது. 2007 ஜூன் 30 அன்று கிளாஸ்கோ விமான நிலையத்தின் மீது ஜீப்பை மோதினார்கள். இரண்டு நாள் கழித்து, பெங்களூரில் மருத்துவம் படித்து ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்துவந்த டாக்டர் ஒருவரைப் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைது செய்தார்கள். காரணம், இங்கிலாந்தை விட்டுக் கிளம்பும்போது தன் சிம் கார்டை உறவுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தது. அந்த சிம் தாக்குதல் ஜீப்பில் கிடைத்தது என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. உண்மையில் அது ஜீப்பில் இல்லை, லிவர்பூலில் அந்த உறவுக்காரரிடம் இருந்தது. வழக்கு அந்த ஜூலை மாதமே கைவிடப்பட்டது, பின்னாளில் ஆஸ்திரேலிய அரசு அவருக்கு இழப்பீடும் கொடுத்தது. வலைப்பின்னல் மொழியில் சொன்னால், ஆளுக்கும் ஆளுக்கும் இடையே இருந்த ஒரு கோட்டை ஆளுக்கும் சம்பவத்துக்கும் இடையே இழுத்துவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் மூல ஆவணத்தின் பக்க எண் வரை எழுதிவையுங்கள். ஒரே ஒரு செய்தியில் மட்டும் வந்த தொடர்பைப் புள்ளிக் கோடாகவே வைத்திருங்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ஒரே ஆளின் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் வேறு எழுத்தில் இருக்கும். வேறு வேறு ஆட்களுக்கு ஒரே பெயரும் இருக்கும். தந்தை பெயர், ஊர், பிறந்த ஆண்டு, இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் இருவரை ஒருவராக்காதீர்கள்.

எண்களை எவ்வளவு நம்பலாம்

புதியவர்களுக்கு இரண்டு அளவுகள் போதும். ஒருவருக்கு நேரடித் தொடர்பு எத்தனை என்பது டிகிரி. மற்றவர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைகளில் எத்தனை இவர் வழியாகப் போகின்றன என்பது பிட்வீன்னஸ். பின்னதைத்தான் எல்லோரும் “சூத்திரதாரியைக் கண்டுபிடிக்கும் எண்” என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தாளில் ஏழு பேரை வரைந்து பாருங்கள். அ, ஆ, இ மூவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஈ, உ, ஊ மூவரும் அப்படியே. நடுவில் எ. அவருக்கு இந்தப் பக்கம் இ-யையும் அந்தப் பக்கம் ஈ-யையும் மட்டும் தெரியும். டிகிரி பார்த்தால் எ-வுக்கு 2, அ-வுக்கும் 2. பிட்வீன்னஸ் பார்த்தால் அ-வுக்கு 0, எ-வுக்கு 9. இந்தப் பக்கத்து மூவரிடமிருந்து அந்தப் பக்கத்து மூவருக்குப் போகும் ஒன்பது பாதைகளும் எ வழியாகத்தான் போயாக வேண்டும். அதிகப் பேரைத் தெரியாதவர் குழுவுக்கே முடிச்சாக இருக்கிறார். அருமையான கண்டுபிடிப்பு.

இப்போது ஆ-வும் உ-வும் பழைய பள்ளித் தோழர்கள், அது நமக்குத் தெரியாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கோட்டைச் சேர்த்து மறுபடி கணக்குப் போடுங்கள். எ-வின் பிட்வீன்னஸ் 9-லிருந்து 2-க்கு விழுந்துவிடும். இ-யிலிருந்து ஈ-க்குப் போகும் பாதை முழுதாக அவர் வழியே, இன்னும் இரண்டு ஜோடிகளுக்குப் பாதிப் பாதி, அவ்வளவுதான் மிச்சம்.

ரகசியக் குழு என்றால் தெரியாத கோடுகள் இருந்தே தீரும். அதனால் முடிவை எழுதும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கோடுகளில் பத்து சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கி மறுபடி கணக்கிடுங்கள். இதை நூறு தடவை ஓட்டுங்கள், பைத்தானில் நாலு வரி. முதலிடத்தில் இருப்பவர் பெரும்பாலான தடவை முதலிடத்திலேயே நின்றால் அவரைப் பற்றி எழுதலாம். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் தனிநபர்களை விட்டுவிட்டுக் குழுவின் பொதுவான வடிவத்தை மட்டும் பேசுங்கள்.

பங்குப் பக்கம்: யாரைச் சேர்ப்பது

டிஃபென்ஸ் என்று பெயர் வாங்கியதெல்லாம் டிஃபென்ஸ் அல்ல. பெமல் ராணுவ வண்டிகளும் செய்கிறது, சுரங்க இயந்திரங்களும் செய்கிறது, நம்ம மெட்ரோவுக்குப் பெட்டிகளும் செய்துகொடுத்தது. மெட்ரோ ஆர்டரில் அது ஏறிய நாளை எல்லைப் பதற்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் ராணுவ வருமானம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பட்டியலிடப்பட்ட ஆண்டையும் பாருங்கள். எச்ஏஎல்லும் ஏவுகணை செய்யும் பாரத் டைனமிக்ஸும் சந்தைக்கு வந்தது 2018 மார்ச்சில். 2008 மும்பைத் தாக்குதலை ஆராய்ந்தால் பழைய ஆட்களான பிஇஎல், பெமல் போன்ற சிலர்தான் கிடைப்பார்கள்.

விலைக்கு, தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ-யின் தினசரி விலைப் பட்டியலான பாவ் காப்பி இலவசம், ஆனால் அதில் போனஸ் (இலவசப் பங்கு), ஸ்ப்ளிட் (பங்குப் பிரிப்பு) சரிசெய்யப்பட்டிருக்காது. பிஇஎல் 2022 செப்டம்பரில் ஒன்றுக்கு இரண்டு போனஸ் கொடுத்தது; எச்ஏஎல் 2023 செப்டம்பரில் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தது. சரிசெய்யாத விலையில் முதலாவது மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதாகவும், இரண்டாவது பாதியாகச் சரிந்ததாகவும் தெரியும். “பெரும் வீழ்ச்சி” என்று தலைப்புப் போட்ட பிறகு தெரியவந்தால் வைவாவில் சங்கடம்.

பூஜ்ய நாள்

ஒரு சம்பவம் விலையை எவ்வளவு நகர்த்தியது என்று பார்க்கும் நிகழ்வு ஆய்வில் பாதி வேலை இது. சந்தை 9:15-க்குத் திறந்து 3:30-க்கு மூடும். தாக்குதல் நடந்த காலண்டர் தேதி முக்கியமல்ல, அந்தச் செய்தியோடு சந்தை முதன்முதலாகத் திறந்த நாள்தான் பூஜ்ய நாள்.

புல்வாமா தாக்குதல் 2019 பிப்ரவரி 14 அன்று பிற்பகல் மூன்றேகால் வாக்கில் நடந்தது. சந்தை மூடக் கால் மணி நேரம்தான் பாக்கி. பூஜ்ய நாள் பிப்ரவரி 15. பஹல்காம் 2025 ஏப்ரல் 22 அன்று பிற்பகல் மூன்று மணியை ஒட்டி. 26 பேர் இறந்த கொடுமையின் முழு அளவு தெரியவந்தபோது சந்தை மூடியிருந்தது. பூஜ்ய நாள் 23. அன்று சென்செக்ஸ் ஏறித்தான் முடிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2008 நவம்பர் 26 தாக்குதல் இரவில் தொடங்கியது, 27 அன்று சந்தையே திறக்கவில்லை, ஆகவே 28. ஐஎஸ் தலைவர் பாக்தாதி கொல்லப்பட்ட அறிவிப்பு இன்னும் விசித்திரம். 2019 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி. நம் சந்தையில் அன்று மாலை முகூர்த்த வர்த்தகம், மறுநாள் விடுமுறை. இந்த மாதிரி நாட்களை மென்பொருள் தானாகச் சரியாகப் பிடிக்காது. கையால் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடுத்தது, அதே நாளில் வேறு என்ன நடந்தது என்பது. 2006 ஜூலை 11 மாலை மும்பை ரயில்களில் குண்டு வெடித்தது. மறுநாள் சென்செக்ஸ் சுமார் 3 சதவீதம் ஏறியது. “மும்பையின் மனவலிமை” என்று எழுதியவர்கள் உண்டு. அன்று காலை நம் ஊர் இன்ஃபோசிஸ் நல்ல காலாண்டு முடிவை வெளியிட்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 2025 மே 12 இன்னும் பெரிய சிக்கல். இந்தியா–பாகிஸ்தான் சண்டை நிறுத்தத்துக்குப் பின் வந்த முதல் வர்த்தக நாள், சென்செக்ஸ் 2,975 புள்ளிகள் எகிறியது. அதே நாளில்தான் அமெரிக்காவும் சீனாவும் வரிச் சண்டையைத் தள்ளிவைத்தன. இரண்டில் எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பிரித்துக்காட்டியதாகச் சொல்லும் புராஜெக்டை நான் நம்புவதில்லை.

ஜன்னலின் நீளமும், அதாவது பூஜ்ய நாளுக்குப் பின் எத்தனை நாளை எண்ணுகிறோம் என்பதும், இதில் சேர்த்தி. பஹல்காமுக்குப் பூஜ்ய நாள் ஏப்ரல் 23 என்றால், ஐந்தாம் வர்த்தக நாள் 30. மே 1 விடுமுறை. ஆபரேஷன் சிந்தூர் நடந்த மே 7 ஒன்பதாம் நாள். பத்து நாள் ஜன்னல் வைத்தால் தாக்குதலின் விளைவையும் பதிலடியின் விளைவையும் ஒரே சட்டியில் கிண்டிவிடுவீர்கள். புல்வாமாவிலும் அதே கதைதான். பதிலடியான பாலகோட் விமானத் தாக்குதல் ஏழாம் வர்த்தக நாளில் வந்தது.

கணக்கு

பூஜ்ய நாளுக்கு 30 நாள் முன்னதாக நிறுத்தி, அதற்கு முந்தைய 120 முதல் 250 வர்த்தக நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கின் தினசரி வருமானத்தை நிஃப்டி 500-இன் தினசரி வருமானத்தோடு ரிக்ரஷன் செய்தால் ஆல்ஃபா (சந்தை நகராதபோதும் பங்குக்கு வரும் சராசரி வருமானம்), பீட்டா (சந்தை ஒரு சதவீதம் நகர்ந்தால் பங்கு எத்தனை சதவீதம் நகரும்) கிடைக்கும். உதாரணத்துக்கு ஒரு பங்கின் பீட்டா 1.3, ஆல்ஃபா ஏறத்தாழ பூஜ்யம். நிகழ்வு நாளில் நிஃப்டி 500 குறியீடு 1.5 சதவீதம் இறங்கியது என்றால் இந்தப் பங்கு 1.95 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும். அது 4 சதவீதம் ஏறியிருந்தால் அசாதாரண வருமானம் 5.95 சதவீதம். ஜன்னலில் உள்ள நாட்களுக்கு இதைக் கூட்டினால் திரண்ட அசாதாரண வருமானம். ஒப்பீட்டுக்கு நிஃப்டி டிஃபென்ஸ் குறியீட்டை எடுக்காதீர்கள். எதை அளக்க வந்தோமோ அதையே கழித்துவிடுவோம்.

எட்டு நிறுவனங்கள், ஆகவே எட்டு சாட்சிகள் என்று நினைப்பது பரவலான பிழை. ஒரே நாளில், ஒரே செய்திக்கு, ஒரே கூட்டம் வாங்கிய பங்குகள் அவை. எட்டையும் சம எடையில் ஒரே தொகுப்பாக்கி ஒற்றைத் தொடராகப் பாருங்கள். பிறகு ஒன்றுமே நடக்காத ஆயிரம் நாட்களைக் குலுக்கி எடுத்து அதே கணக்கை ஓட்டுங்கள். உங்கள் எண் அந்த ஆயிரத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் விடை.

இரண்டையும் எங்கே இணைப்பது

எச்ஏஎல், பாரத் டைனமிக்ஸ் எல்லாம் பட்டியலுக்கு வந்த பிறகு இந்தியாவில் நடந்த பெரிய தாக்குதல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை சிறிய எண்ணிக்கையில் “குழுவின் அடர்த்தி (இருக்கக்கூடிய கோடுகளில் எத்தனை உண்மையில் இருக்கின்றன என்பது) கூடினால் பங்கு வருமானம் கூடும்” என்று ரிக்ரஷன் போடுவது வீண்வேலை. இரண்டு மூன்று சம்பவங்களை ஆழமாகப் பார்க்கும் ஆய்வாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ய நாளுக்கு முன் தெரிந்திருந்த கோடுகளை மட்டும் வைத்து ஒரு படம், இன்று தெரிந்ததை எல்லாம் வைத்து இன்னொரு படம். பக்கத்தில் விலைக் கோடு. முதல் படத்துக்கும் விலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்கலாம். இரண்டாவது படத்தை விலையோடு சேர்த்தால் நாளைய செய்தியை நேற்றே சந்தை படித்ததாக ஆகிவிடும்.

என் கணிப்பு, பெரும்பாலும் தொடர்பு எதுவும் அகப்படாது. சந்தை கணக்குப் போடுவது அரசு என்ன செய்யும், யாருக்கு ஆர்டர் போகும் என்றுதான். 2025 மே 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சென்செக்ஸ் 1,282 புள்ளிகள் இறங்கிய நாளில் டிஃபென்ஸ் பங்குகள் ஏறின. முந்தைய இரவு பிரதமர் தொலைக்காட்சியில் பேசும்போது உள்நாட்டு ஆயுதங்களைக் குறிப்பிட்டிருந்தார். ஏற்றம் வந்தது தாக்குதலுக்கு அல்ல, இனி வாங்கப்போவதாகத் தெரிந்ததற்கு. பிஇஎல்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமாவிடம் இதைக் காட்டியபோது, “குண்டு வெடிச்ச செய்தி வந்தா எங்க ஷாப்ல ஒண்ணும் மாறாது மாப்ள. ஆர்டர் வரணும், அட்வான்ஸ் வரணும், அப்புறம்தான் மெஷின் ஓடும்” என்றார். எச்ஏஎல்லுக்கு 97 தேஜஸ் விமானங்களுக்கான 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 2025 செப்டம்பரில். அந்த விமானங்கள் 2027-28-இல் தொடங்கி ஆறு ஆண்டுகளில் வர வேண்டியவை. இந்த வேகத்தில் நடக்கும் வியாபாரம் அது.

அமெரிக்க முடிவுகளை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். 2001 செப்டம்பர் 17 அன்று நியூயார்க் சந்தை மறுபடி திறந்தபோது டௌ ஜோன்ஸ் 7 சதவீதம் விழ, ஆயுதங்கள் செய்யும் ரேதியானின் பங்கு 25 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. ஒரு பெரும் போருக்குப் பணம் ஒதுக்கப்படும் என்று அன்றே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நிலைமை வேறு.

வெளியிடும் முன்

வலைப்படத்தில் தண்டனை பெற்றவர்கள், ஐ.நா. பட்டியலில் உள்ளவர்கள் தவிர மற்ற எல்லோரையும் எண்ணாக மட்டும் காட்டுங்கள். குற்றப்பத்திரிகையில் பெயர் இருந்து பிறகு விடுதலையானவர்களைத் தேடிப் பார்த்து நீக்குங்கள். வழக்கு நிலையை வெளியிடும் வாரத்தில் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். விலைப் பகுதியில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். “இந்தப் பங்கை வாங்கலாம்”, “இலக்கு விலை இவ்வளவு” என்று தொழிலாக எழுத ஆரம்பித்தால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2014-ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிமுறைகளின் கீழ்ப் பதிவு தேவைப்படும். உங்கள் கையிலோ வீட்டாரிடமோ அந்தப் பங்குகள் இருந்தால் அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பெங்களூர் வீடுகளில் இருக்கத்தான் செய்யும்.